செவர்லேயின் மேல்துணி

சலவைக்காரர் சங்கரலிங்கத்தின் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெங்கிடேஸ்வரன் தன் காரின் கூரையைத் துவைக்கக் கொண்டுவந்து போட்டார். ஊரில் வேட்டி போடுவார்கள், போர்வை போடுவார்கள், மிஞ்சிப்போனால் ஜன்னல் திரை போடுவார்கள். கூரையைத் துவைக்கப் போடுகிற ஆள் மட்டாஞ்சேரி முழுக்கத் தேடினாலும் அவர் ஒருவர்தான்.

அந்தக் கார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷத்துச் செவர்லே. மேலே தகரம் கிடையாது, கித்தான் துணிதான் கூரை. வேண்டுமென்றால் மூடிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பின்னால் மடித்துவிட்டுத் திறந்த வானத்தின் கீழ் போகலாம். தேயிலைக் கம்பெனித் துரை ஒருவர் கப்பலில் வரவழைத்தது. அவர் சீமைக்குத் திரும்பியபோது பஜார் ரோட்டு மிளகு வியாபாரி ஒருவர் கைக்கு வந்து, அவர் காலத்துக்குப் பிறகு கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. அந்தக் கிடங்கில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் வெங்கிடேஸ்வரன். இதை இங்கிருந்து யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று முதலாளியின் பிள்ளைகள் சொன்ன அன்றே லாரி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பிறகு வருஷக்கணக்கில் அவருக்கு வேறு வேலை இல்லை. களமசேரி மெக்கானிக் ஒருவர் எஞ்சினைப் பிரித்துக் கோத்தார். பம்பருக்குக் கோயம்புத்தூரில் முலாம் பூசினார்கள். கதவின் ஒரு கைப்பிடிக்காக அவர் சென்னைவரை போய் அலைந்தார். தோப்பும்படியில் படகுகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர் வெள்ளைக் கித்தானில் கூரை தைத்துக் கொடுத்தார். இரண்டாயிரத்து மூன்றில், இளம்பச்சை உடம்பும் சிவப்பு சீட்டும் முன்னால் வெள்ளிப் பல்வரிசையுமாகக் கார் தெருவுக்கு வந்தபோது, அரண்மனை பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் அரண்மனையை விட்டுவிட்டு அதைப் படம் எடுத்தார்கள். அந்தக் காரில் எந்த ஆணி எங்கே இருக்கிறது என்று வெங்கிடேஸ்வரனுக்குத் தெரியும். வீட்டில் மனைவி இன்றைக்கு என்ன நிறத்தில் புடவை கட்டியிருக்கிறாள் என்று கேட்டால், எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

அந்த வருஷ மழையில் கூரைத் துணியில் கரிம்பன் பிடித்துவிட்டது. வெள்ளைத் துணியில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. மனிதர் துடித்துப்போனார். கூரையைக் கழற்றிச் சுருட்டி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு, சலவைக்காரர்கள் கூடித் துணி வெளுக்கிற தோபிகானாவுக்கு வந்தார். அவசரமில்லை, நன்றாக வெளுத்தால் போதும் என்று சொன்னார். கல்யாண வேலையை விட்டுவிட்டா இதைச் செய்வாய் என்று தானே கேட்டுவிட்டு, தானே முடிந்தால் செய் என்றும் சொன்னார்.

சங்கரலிங்கம் முடியாது என்று சொல்கிறவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சிக்குத் துணி வெளுக்க வந்த குடும்பம் அது. வெங்கிடேஸ்வரன் வீட்டுக்கு அவருடைய அப்பா காலத்திலிருந்து வாடிக்கை. சங்கரலிங்கம் தொழிலில் சூரன் என்று நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. அவரைவிட நன்றாக வெளுப்பவர்கள் அங்கேயே இருந்தார்கள். அவருக்கு இருந்தது வேறொரு பெயர்.

சலவைக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் ஊருக்கு ஒரு கேலி எப்போதும் தயாராக இருக்கும். மாப்பிள்ளை போட்டிருப்பது யார் வீட்டுச் சட்டை என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சின்ன வயதில் சங்கரலிங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். பிறகு அவர் மகள் சுனிதாவையும் கேட்டார்கள். அந்தக் கேலியைப் பொய்யாக்கியே தீருவது என்று மனிதர் பிடிவாதமாக வாழ்ந்தார். வாடிக்கைத் துணியைக் குளிருக்குக்கூட யாரும் போர்த்தக் கூடாது. மனைவி முப்பிடாதியின் தம்பி ஒருமுறை யாரோ ஒருவருடைய கட்டம் போட்ட சட்டையோடு சினிமாவுக்குக் கிளம்பினான். வாசலிலேயே அதைக் கழற்ற வைத்து, வெறும் உடம்போடு அவனை உள்ளே அனுப்பினார். அதிலிருந்து மைத்துனன் அந்த வீட்டில் சரியாகச் சாப்பிட்டதில்லை. சங்கரலிங்கத்துக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. தன் வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது என்ற மிதப்பு அவருக்கு இருந்தது. மிதப்பு என்ற சொல்லை நான் தெரிந்துதான் போடுகிறேன்.

துணிகள் கலந்துவிடாமல் இருக்க வீட்டுக்கு ஒரு குறி உண்டு. சேங்கொட்டைச் சாற்றை ஊசியால் தொட்டு, துணியின் உள் மூலையில் இடுவார்கள். துணி நைந்து கரித்துணியாகும்வரை அது போகாது. வெங்கிடேஸ்வரன் வீட்டுக் குறி இரண்டு கோடும் கீழே ஒரு புள்ளியும். சலவைக்காரர்களின் சொந்தத் துணிக்கு மட்டும் குறி கிடையாது. குறி இல்லையென்றால் அது நம்முடையது, அவ்வளவுதான். சுனிதா பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தாள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் அங்கே பிறந்த எல்லாக் குழந்தைகளையும் போல, எந்த எழுத்துக்கும் முன்னால் அவள் படித்தது இந்தக் குறிகளைத்தான்.

கல்யாணம் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை பிஜு, ஆலுவாவில் லாரி ஆபீஸில் வேலை பார்க்கிற பையன், இவர்களைப் போலத் தமிழ் வழிக் குடும்பம். தாலி கட்டும்போது உடுத்துகிற கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுடையது. அதை மண்டபத்தில்தான் கொடுப்பார்கள். பெண் தன் வீட்டிலிருந்து மண்டபத்துக்குக் கிளம்பும்போது உடுத்துகிற பட்டு பெண்ணைப் பெற்றவர்களுடையது. சங்கரலிங்கம் எர்ணாகுளத்துக்குப் போய், கிளிப்பச்சையில் ஒன்று எடுத்துவந்தார். அடுத்த வீட்டுத் துணியென்றால் நூலைத் தேய்த்துப் பார்த்து விவரம் சொல்கிறவர், தன் மகளுக்கு எடுக்கும்போது கடையின் விளக்கையும் கண்ணாடியையும் பார்த்து மயங்கி, கடைக்காரர் பட்டு என்று சொன்னதைப் பட்டு என்றே நம்பிவிட்டார்.

கல்யாணத்தன்று காலையில் அந்தப் புடவையைத் தன் கையாலேயே ஒருமுறை தேய்த்துக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. மடிப்புக் கலையாமல் கடையிலிருந்து வந்த புடவை அது. தேய்க்கவே வேண்டாம். முப்பிடாதியும் அதைத்தான் சொன்னாள். ஒரு சலவைக்காரன் மகள் கடை மடிப்போடு மண்டபத்துக்குப் போவதா என்று அவர் கேட்டார். சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி பட்டுக்கு வேண்டிய சூட்டில்தான் இருந்தது. வைத்த இடத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டது. இழுத்தால் புடவையும் கூட வந்தது. உண்மைப் பட்டு கருகினால் முடி கருகுகிற நாற்றம் வரும். இங்கே வந்தது பிளாஸ்டிக் நாற்றம். உடல் பகுதியில், பெட்டியின் அடிப்பக்கம் அளவுக்கு ஓர் ஓட்டை.

சுனிதா பக்கத்து வீட்டில் உட்கார்ந்து தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். டாக்சி வரும் நேரம். முப்பிடாதி அழவில்லை, கத்தவில்லை. கல்யாணப் பெண்ணுக்குச் சுட்ட துணியா என்று மட்டும் முணுமுணுத்தாள். பிறகு அலமாரிப் பக்கம் போய், வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்தாள். அரக்குச் சிவப்பில் மாம்பழ மஞ்சள் கரை போட்ட காஞ்சிபுரம். வெங்கிடேஸ்வரனின் மனைவி சீதாலக்ஷ்மி தன் கணவரின் அறுபதாம் கல்யாணத்துக்கு உடுத்தியது. பாலிஷ் போட்டு, அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகக் காத்திருந்தது.

சங்கரலிங்கம் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் வாயெடுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பச்சையைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"டாக்சியில ஏறப் போறா, ஹால்ல எறங்கப் போறா. உள்ள போனதும் கூறை மாத்திருவா. ஆரு பாக்கா?" என்றாள் முப்பிடாதி.

சுனிதா வந்ததும் பச்சைப் புடவை மறுவீட்டுக்கு என்று சொல்லப்பட்டது. அப்பா யாருக்கும் சொல்லாமல் இதையும் எடுத்து வைத்திருந்தார் என்று சொல்லப்பட்டது. சுனிதா புடவையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போயிருக்கிறாள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முப்பிடாதி தானே கட்டிவிடுவேன் என்று நின்று, குறி இருந்த உள் தலைப்பை முதலில் செருகிவிட்டாள்.

வாசலில் ஹாரன் கேட்டது. டாக்சியின் ஹாரன் இல்லை. அந்த ஹாரனை மட்டாஞ்சேரிக்கே தெரியும்.

செவர்லே நின்றுகொண்டிருந்தது. முகப்பில் மாலை, கதவுகளில் வாழைக்குருத்துத் தோரணம், ஸ்டியரிங்கின் முன்னால் சில்க் ஜிப்பாவோடு வெங்கிடேஸ்வரன். டாக்சிக்காரரைத் தாமே திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். இது தம்முடைய பரிசு என்றார். இந்த வண்டிக்கு உயிர் வந்த பிறகு இதில் உட்காரப்போகிற முதல் மணப்பெண் சுனிதாதான் என்று சொல்லும்போது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் குரவையிட்டார்கள்.

சங்கரலிங்கத்துக்கு அந்தக் கலங்கிய கண்ணைப் பார்க்க முடியவில்லை. அவர் காரைப் பார்த்தார். அதற்கு மேலே ஒன்றுமே இல்லை.

"டாப்பு இல்லாம எப்படி சாமி? வெயில்ல புள்ள வாடிருமே" என்றார்.

"டாப்பு உன்கிட்டன்னா இருக்கு" என்று வெங்கிடேஸ்வரன் சிரித்தார்.

இருந்தது. முற்றத்துக் கயிற்றில், இரண்டு பக்கமும் கல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. கரிம்பன் ஒரு புள்ளிகூட இல்லை. முந்தின நாள் மழையில் காயாமல் தையல் ஓரங்களில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மகளை மறைத்திருக்கக் கூடிய ஒரே துணியைத் தன் கையாலேயே நனைத்துத் தொங்கவிட்டிருக்கிறோம் என்று அவருக்கு அப்போது புரிந்தது. ஈரத்தோடேயே மாட்டிவிடலாமா என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற பெண்ணை எதற்கு மூடிக்கொண்டு போவது, நாலு பேர் பார்க்கட்டும் என்றுதானே இந்த வண்டி என்று வெங்கிடேஸ்வரன் கதவைத் திறந்து பிடித்தார்.

சுனிதாவும் முப்பிடாதியும் பின்னால் ஏறினார்கள். சங்கரலிங்கம் முன்னால். முக்கில் கார் மண்டபத்துப் பக்கம் திரும்பாமல் மறுபக்கம் திரும்பியது. சாமி, ஹால் அந்தப் பக்கமாக்கும் என்று அவர் சொன்னதற்கு, தெரியுமே, ஆத்து வாசலில் சீதா ஆரத்தித் தட்டோடு காத்துக்கொண்டிருக்கிறாள் என்று பதில் வந்தது.

சங்கரலிங்கம் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். குதித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததுண்டு. கார் மனிதர் நடக்கிற வேகத்தில்தான் போனது. வெங்கிடேஸ்வரனுக்கு அவசரமே இல்லை. கூவப்பாடத்தில் சாயாக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். மீன்கூடைக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். மாடியிலிருந்து பார்த்தார்கள். ஊர் முழுக்க அவருடைய வாடிக்கைக்காரர்கள். அவர்கள் படுக்கைவிரிப்பில் எங்கே கிழிசல், எந்த வேட்டியில் என்ன கறை என்று அவருக்குத் தெரியும். இதுவரை அவர் அவர்களைப் பார்த்தவர், இன்று அவர்கள் அவரைப் பார்த்தார்கள். கையாட்டினார்கள், சிரித்தார்கள். ஒவ்வொரு சிரிப்பும் அந்தப் பழைய கேலியைக் கேட்பதுபோலவே இருந்தது. யார் வீட்டுப் புடவை? முப்பிடாதி காற்றடிக்கிறது என்று சொல்லி மகள்மேல் ஒரு டவலைப் போர்த்திப் பார்த்தாள். கண்ணாடியில் அதைக் கண்ட வெங்கிடேஸ்வரன், நல்ல புடவையை யாராவது டவல் போட்டு மறைப்பார்களா என்று எடுக்கச் சொல்லிவிட்டார். தன் வீட்டுப் புடவை என்று அவருக்குத் தெரியவே இல்லை. அவருக்குத் தெரியாது என்று நான்தான் முன்னமே சொன்னேனே.

சீதாலக்ஷ்மி படியில் நின்றுகொண்டிருந்தாள். கார் நின்றதும் தட்டோடு இறங்கி வந்தாள். சிரித்த முகமாகத்தான் வந்தாள். ஆரத்தி சுற்றினாள். குங்குமத்தை எடுத்துச் சுனிதாவின் நெற்றியில் வைக்கக் குனிந்தபோது அவள் கை அப்படியே நின்றது. அவள் பார்வை தோளிலிருந்து தலைப்புக்கு இறங்கி, கரைக்குப் போய், மறுபடி தோளுக்கு வந்தது. தட்டிலிருந்து ஆரத்தித் தண்ணீர் காரின் இளம்பச்சைக் கதவில் தளும்பியது. சங்கரலிங்கம் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்கு முன்னால் அவர் வாழ்க்கை முழுவதும் சேர்த்து வைத்திருந்த பெயர் போய்விட்டது. அழுக்குத் தண்ணீரைக் கீழே ஊற்றுவதுபோல, சட்டென்று போய்விட்டது.

சீதாலக்ஷ்மி குங்குமத்தை வைத்தாள். சுனிதாவின் தோளில் கலைந்திருந்த மடிப்பை நீவிவிட்டாள்.

"புடவை நன்னா இருக்கே. யார் எடுத்தா?"

"அப்பா வாங்கித் தந்ததாணு மாமி" என்றாள் சுனிதா. நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பாவுக்கு நல்ல ரசனை" என்று சொல்லிவிட்டு சீதாலக்ஷ்மி தட்டோடு நகர்ந்து நின்றாள். வெங்கிடேஸ்வரன் அதற்குள் இறங்கி, தூரத்தில் போய் நின்று, காரும் பெண்ணும் முழுசாக விழும்படி படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மேளம், சாப்பாடு எல்லாவற்றையும் எல்லாரும் மெச்சினார்கள். சங்கரலிங்கத்துக்கு அதில் எதுவும் ஞாபகம் இல்லை. தாலி கட்டும்போதும் அவர் கண் உடை மாற்றுகிற அறைப் பக்கமே இருந்தது. உள்ளே ஆணியில் அந்த அரக்குப் புடவை தொங்கிக்கொண்டிருந்தது. மகள் காலில் விழுந்து எழுந்தபோது ஆசீர்வாதம் செய்யக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது.

கூரைத் துணி காய்ந்ததும் அதையும் மற்ற துணிகளையும் எடுத்துக்கொண்டு போனார். புடவையை மறுபடி பாலிஷ் போட்டு, அதே வெள்ளைத் துணியில் சுற்றி, மூட்டையின் அடியில் வைத்திருந்தார். அடியில் வைத்தால் என்ன, மேலே வைத்தால் என்ன. வெங்கிடேஸ்வரன் கூரையைப் பிரித்துப் பார்த்து ஆனந்தப்பட்டார். மூலையில் இரண்டு கோடும் புள்ளியும் இருந்தன. பழக்கத்தில் கை தானாகக் குறி போட்டிருந்தது. சங்கரலிங்கம் அதற்கு மன்னிப்புக் கேட்கப் போனார். கார் இனி நம்மாத்துத் துணியாகிவிட்டது என்று வெங்கிடேஸ்வரன் சிரித்துக்கொண்டே கூரையோடு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

சீதாலக்ஷ்மி திண்ணையில் உட்கார்ந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வேட்டி, போர்வை, தலையணை உறை. கடைசியில் வெள்ளைச் சுற்றைப் பிரித்தாள். புடவையைத் தொட்டுப் பார்த்தாள், உள் மூலையைத் திருப்பிக் குறியையும் பார்த்தாள். பிறகு மறுபடி சுற்றி, அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இது எங்காத்துது இல்லை."

"அம்மா, மார்க்கு இருக்கும்மா" என்றார் சங்கரலிங்கம்.

"உன் பொண்ணு அப்பா எடுத்ததுன்னு சொன்னாளே. அவ சொன்னது பொய்யாக வேண்டாம்."

சங்கரலிங்கம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பச்சைப் புடவை, பெட்டி, பிளாஸ்டிக் நாற்றம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று வந்தது, வரவில்லை. "அம்மா, நாலு வார்த்தை திட்டிருங்க. எனக்கு அது போதும்" என்று மட்டும் சொன்னார்.

சீதாலக்ஷ்மி திட்டவில்லை. எதற்குத் திட்ட வேண்டும், கல்யாண வீட்டில் எல்லாம் சௌகரியமாக நடந்ததா, மாப்பிள்ளை நல்ல மாதிரியா என்று விசாரித்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே விசாரித்தாள். பெரிய மனசோடு கொடுக்கிறாளா, இனி உடுத்த முடியாது என்று தள்ளுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்வதைத் தவிர வழியில்லை. அவள் அடுத்த சலவைக்கு எடுத்து வைத்த அழுக்குத் துணி மூட்டையில் பட்டு ஒன்றும் இல்லை என்பதைப் பாதி வழியில்தான் கவனித்தார். புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெரிந்தவர்கள் இல்லாத சந்துகளாகப் பார்த்து வீட்டுக்கு வந்தார்.

முப்பிடாதிக்கு ஒரே சந்தோஷம். கொடுத்துவிட்டார்கள் இல்லையா, பிறகு என்ன முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, என்று அவரைக் கடிந்துகொண்டாள். மறுவீட்டுக்குச் சுனிதாவும் பிஜுவும் வந்த அன்று, பிஜு வெளியே தோபிகானாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவளே போய் வெள்ளைச் சுற்றைக் கொண்டுவந்து மகள் மடியில் வைத்தாள். விருந்துக்கு இதைக் கட்டிக்கொள், உன் கல்யாணப் புடவை என்றாள்.

சுனிதா சுற்றைப் பிரித்தாள். விரித்துப் பார்க்கவில்லை. அவள் கட்டைவிரல் நேராக உள் மூலைக்குப் போனது.

"இது இன்னும் மாமிக்குக் கொடுத்தில்லயா அப்பா?" என்றாள்.

எப்போது கண்டாய் என்று சங்கரலிங்கம் கேட்டதே அவர் காதுக்குக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகக் கேட்டார். கட்டிவிடும்போதே தெரியும் என்றாள் சுனிதா. காரில் ஏறும்போது தெரியும். மாமி கேட்டபோதும் தெரியும்.

"பின்னே நீ எதுக்கு அப்படிச் சொன்னே?" என்றார் சங்கரலிங்கம்.

"வேற என்ன சொல்லணும் அப்பா? அப்பாவைப் பார்த்துக்கிட்டேதானே மாமி நின்னாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். புடவையைப் பழையபடி சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, தன் பச்சைப் புடவை எங்கே என்று கேட்டாள். முப்பிடாதி அதைத் தகரப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சுனிதா விரித்து, பெட்டி பதிந்த ஓட்டையைப் பார்த்தாள். அதற்குள் கையை விட்டும் பார்த்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

வெளியே வந்தபோது கிளிப்பச்சைப் புடவையில் இருந்தாள். சங்கரலிங்கம் தலையைத் தூக்கி, பயந்து பயந்து, ஓட்டையைத் தேடினார். முன்னால் இல்லை, பக்கத்தில் இல்லை, அவள் திரும்பியபோது பின்னாலும் இல்லை.

"கொசுவத்துக்குள்ள போயிருச்சு அப்பா" என்றாள் சுனிதா. "அன்னைக்கும் போயிருக்கும்."

அவள் இலை போடப் போய்விட்டாள். வெளியே பிஜு மாமனாரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.